ஆறாவது பூ

பூச்சாடியில் ஆறு பூக்கள் இருந்தன.

நெவேனா மறுபடி எண்ணினாள். ஆறு சிவப்புக் கார்னேஷன், அவள் பேசப்போகும் மைக்குக்கு ஒரு சாண் தள்ளி. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூ. இரட்டைப்படை கல்லறைக்கு. கருங்கடலோர வார்னா நகரில் இது தெரியாதவர் யாரும் கிடையாது.

"ஸ்லாவ்கா அக்கா, இந்தப் பூவை யார் வச்சது?"

நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த துறைச் செயலாளர் நிமிரவில்லை. "நான்தான். அஞ்சு வாங்கினேன்."

"ஆறு இருக்கு."

"பயத்துல உனக்கு எல்லாம் ஒண்ணு கூடுதலாத் தெரியுது. டாக்டர் பட்டம் வாங்கப்போறவ மூஞ்சியாடி இது? போய் ஒரு வாய் காபி குடி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கதவுல ஒக்னியான் படம் ஒட்டியிருக்கே, பாத்தியா? அவன் கடல்ல விழுந்து இன்னிக்கு நாப்பதாம் நாள். உடம்புகூடக் கிடைக்கல, பாவம்."

ஸ்லாவ்கா வெளியே போனதும் நெவேனா ஒரு பூவை உருவிக் குப்பைக்கூடையில் போட்டாள். ஐந்து.

யாருக்கோ தெரிந்திருக்கிறது.

எப்படித் தெரியும்? ஆராய்ச்சிக் கப்பலின் பின்தளத்தில் அன்று அவளும் ஒக்னியானும் மட்டும்தான். ஆய்வுக்கான கடலடிச் சேறு மொத்தமும் அவன் எடுத்தது; கட்டுரையில் தன் பெயர்தான் முதலில் என்று அவன் சண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது அலை அடித்தது. கம்பிக்கு வெளியே கயிற்றைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. அபாய மணி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்தக் கை விடும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் அவள் மணியை அடித்தாள்.

இன்றைய கருத்தரங்கில் தேறிவிட்டால் பட்டம் உறுதி. அவள் திரையில் காட்டப்போகும் படங்கள் எதிலும் ஒக்னியான் பெயர் இல்லை. 'இந்தக் குறிப்பெல்லாம் உன் கையெழுத்து மாதிரி இல்லையேம்மா' என்று போன வாரம் பேராசிரியர் தோப்ரேவ் கேட்டாரே, அவராக இருக்குமோ? இல்லை, அப்பாவி மாதிரி நாற்காலி இழுத்த ஸ்லாவ்காவா?

நான்கு மணிக்குத் திரைச்சீலைகளை இழுத்து விளக்கை அணைத்தார்கள். ஜனவரி மாதத்து ஈரக் கோட்டுகளின் கம்பளி வாடைக்கும் காபி வாசனைக்கும் அடியிலிருந்து, கழிவுநீர்க் குழாய் திறந்துகொண்டது போல, அழுகிய முட்டை நாற்றம் மெல்ல எழுந்து வந்தது.

"நம்ம கருங்கடலே நேர்ல வந்துடுச்சுப்பா" என்றார் தோப்ரேவ். எல்லோரும் சிரித்தார்கள். யார் முதலில் சிரித்தது, யார் சிரிக்கவில்லை என்று நெவேனா இருட்டில் தேடினாள்.

பேசினாள். "நூற்றைம்பது, இருநூறு மீட்டருக்குக் கீழே கருங்கடலில் ஆக்ஸிஜன் கிடையாது; அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுதான். அரிக்கப் புழு இல்லை, கொத்த மீன் இல்லை. விழுந்த பொருள் விழுந்தபடியே கிடக்கும்."

சொட்.

பின்வரிசைப் பக்கம். கூரை ஒழுகுகிறதா? வெளியே மழை இல்லையே.

சொட். சொட்.

தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டினாள். பூச்சாடி கண்ணில் பட்டது.

ஆறு.

ஆறாவது பூவின் காம்பில் சேறு. கறுப்புச் சேறு. அவள் படங்களில் இருக்கும் அதே சேறு.

மீதியை எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கைதட்டல் அடங்கியது.

"கேள்வி இருக்கா?" தோப்ரேவ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பின்னால் பார்த்தார். "கடைசி வரிசையில கை தூக்கியிருக்கறது யாருப்பா? மூஞ்சி தெரியல. ஸ்லாவ்கா, லைட்டைப் போடும்மா."

விளக்கு எரிந்தது.

ஆரஞ்சு நிறக் கப்பல் சட்டை. நனைந்து ஒட்டிய முடி. நாற்பது நாள். கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணில் ஒரு பழுது இல்லை. விழுந்தது விழுந்தபடியே.

ஒக்னியான் வாயைத் திறந்தான். மோவாயில் சேறு வழிந்தது.

"மணி பக்கத்துலதானே இருந்துச்சு, நெவேனா. ஏன் அடிக்கல?"

யாரும் அலறவில்லை. அத்தனை முகங்களும் மெதுவாக அவள் பக்கம் திரும்பின.

"பதில் சொல்லும்மா" என்றார் தோப்ரேவ்.

ஒக்னியான் தூக்கிய கை இறங்கவில்லை. விரல்கள் இன்னும் கயிற்றை விடாதது போல இறுக மடங்கியிருந்தன.