நடுங்காத கை

"படார்!"

தேநீர்க் கோப்பை தரையில் விழுந்து சுக்குநூறானது. அதைப் பிடித்திருந்த பெண்ணும் அடுத்த கணமே சரிந்து விழுந்தாள்.

காலை மணி 10.20. பதுளை நகரில், சந்தைக்கு எதிர்ப்புறம் இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடி. சுகவாழ்வு மருந்தாளர் கல்லூரியில் அன்று நேர்முகப் பரீட்சை. வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சப்பாத்துமாக, உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகள் அலறி எழுந்தார்கள்.

விழுந்தவள் தனுஜா. தெமோதரைப் பக்கத் தோட்டத்துப் பெண், வயது பத்தொன்பது. அடுத்ததாக உள்ளே போக வேண்டியவள் அவள்தான். மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் விசில் சத்தம் கேட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"தனு! தனு!" என்று கதறியபடி அண்ணன் சுரேஸ் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படிகளில் ஓடினான்.

மணி 11.00. பொலிஸ் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் கலாராணியின் மேசையில் தொலைபேசி அடித்தது. பேசியவர் ஆஸ்பத்திரி டாக்டர்.

"பிள்ளை தப்பிச்சிட்டா மேடம். பழைய மூச்சிழுப்புக்காரி. ஆனா ஒரு விஷயம் இடிக்குது. இழுப்பு வந்தா நாடி தறிகெட்டு ஓடணும். இவளுக்கு ஊர்ந்து போகுது. நாடியை மந்தமாக்குற, நெஞ்சுப் படபடப்புக்குக் குடுக்கிற மாத்திரை ஏதோ உள்ளே போயிருக்கு. இழுப்பு உள்ளவங்க அதைத் தொடவே கூடாது."

"அவ என்ன சொல்றா?"

"பேச முடியல. மாத்திரை போட்டியான்னு கேட்டா, இல்லவே இல்லைன்னு தலையாட்டுறா."

"போட்டு எவ்வளவு நேரத்துல அது வேலையைக் காட்டும்?"

"ஒரு மணி நேரமாவது வேணும்."

கலாராணி தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

கல்லூரிப் படியில் ஏறும்போதே மேலே சண்டைச் சத்தம். தங்கையை வார்டில் அம்மாவிடம் விட்டுவிட்டு சுரேஸ் திரும்பி வந்திருந்தான். அவன் விரல் நீண்ட பக்கத்தில் ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் நிலுக்ஷி, ஹாலிஎலைப் பக்கத் தோட்டத்தைச் சேர்ந்தவள். அவளுக்கு முன்னால், சிறகை விரித்த கோழி மாதிரி அவளுடைய அம்மா அற்புதமலர்.

"ஒரே ஒரு சீட்டு மேடம்!" சுரேஸ் கத்தினான். "தோட்டத்துப் புள்ளைங்க இலவசமா படிக்க இவங்க குடுக்கிறதே ஒரு சீட்டு. கடைசியில மிஞ்சினது என் தங்கச்சியும் இவளும்தான். இவ கையால ஊத்திக் குடுத்த தண்ணியைக் குடிச்சிட்டுத்தான் அவ விழுந்தா!"

"வாயைக் கழுவு தம்பி," என்றாள் அற்புதமலர். "ரெண்டும் ஒரே டியூஷன் பெஞ்சுல ஒட்டிக்கிட்டு இருந்த புள்ளைங்க."

"சீட்டு ஒண்ணுன்னு தெரியுற வரைக்கும்தான் அந்த ஒட்டெல்லாம்."

கலாராணி இருவரையும் கையமர்த்திவிட்டு நேர்முக அறைக்குள் போனாள்.

தேர்வுக் குழுத் தலைவர் ஹஸீப், தலை நரைத்த மருந்தாளர், எழுந்து நின்றார். அவர் முன்னால் ஒரு தட்டு, அதில் வெள்ளை மாத்திரைகள், பக்கத்தில் மழுங்கிய சிறு கத்தி.

"இது என்ன சேர்?"

"பிள்ளைகள் மாத்திரையைக் கையால தொடாம, கத்தியால தள்ளி எண்ணிக் காட்டணும். கை நடுங்கினா சீட்டுப் போச்சுன்னு வெளியில யாரோ கதை கட்டி விட்டுட்டாங்க. பாவம், அந்தப் பயத்துலேயே எல்லாருக்கும் நடுங்கும். மாத்திரை மேசைக்குக் கீழே ஓடும்."

கலாராணிக்குத் தன் பொலிஸ் நேர்முகம் ஞாபகம் வந்தது. ஹல்துமுல்லையிலிருந்து வந்து, ஆடிய கைகளை முழங்காலுக்குக் கீழே செருகிக்கொண்டு உட்கார்ந்த நாள்.

டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டு, "நிலுக்ஷி எப்படிச் செஞ்சா?" என்று கேட்டாள்.

ஹஸீப் தயங்கினார். "குரல் நடுங்கிச்சு. நாக்குக் குழறிச்சு. 'மரத்துப் போன மாதிரி இருக்கு சேர், மன்னிச்சுக்குங்க'ன்னா. ஆனா கை? கல்லு மாதிரி. ஒரு மாத்திரை தடம் மாறல."

"கேள்விக்கெல்லாம்?"

"அதுதான் மேடம் என்னைக் குடையுது. நெஞ்சு படபடப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுற மாத்திரையைக் கேட்டு ஒருத்தர் வந்தா என்ன செய்வேன்னு கேட்டேன். மத்தவங்க எல்லாம் டாக்டர் எழுதின துண்டு இல்லாம தரமாட்டேன்னு சொன்னாங்க. இவ மட்டும், 'முதல்ல இழுப்பு இருக்கான்னு கேப்பேன் சேர். இருந்தா அந்த மாத்திரை உசுருக்கே ஆபத்து'ன்னா. முழுப் புள்ளி போட்டேன். இப்ப..." அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "சனி, ஞாயிறுல டவுன்ல ஷுக்ரின்னு ஒருத்தரோட பாமசியில வேலை செய்றாளாம். அந்த மாத்திரை அங்க அலுமாரி நிறைய இருக்கும். பின்னேரம் நான் பெயரை அனுப்பியாகணும். பொலிஸ் வழக்கு உள்ள பிள்ளையை எடுக்க விதி இடம் தராது."

அடுத்ததாக சுரேஸ்.

"காலையில தங்கச்சி என்ன சாப்பிட்டா?"

"வீட்டுல ஒண்ணும் இறங்கல. எட்டரைக்கு பதுளை பஸ் ஸ்டாண்டுல இவங்களைச் சந்திச்சோம். வடை வாங்கினேன். நானும் தனுவும் தின்னோம். அந்தப் பொண்ணு வேணாம்னுட்டா."

"தண்ணி?"

"அவங்க பிளாஸ்க்குல கொத்தமல்லித் தண்ணி. அந்தம்மா குலுக்கோ குலுக்குன்னு குலுக்கி மக கையில குடுத்தாங்க. அவ ஊத்தினா. ரெண்டு பேருமே குடிச்சு முடிச்சிட்டாங்க. எனக்கு ஒரு சொட்டு மிஞ்சல."

"இங்க தந்த டீ?"

"வாயில வைக்கிறதுக்குள்ள விழுந்துட்டா."

"அவளுக்கு இழுப்பு இருக்கிறது யாருக்கெல்லாம் தெரியும்?"

சுரேஸின் குரல் இறங்கியது. "வெளியில யாருக்கும் தெரியாது மேடம். சொல்லவே கூடாதுன்னுட்டா. மருந்துத் தூளுக்கு நடுவுல இழுப்புக்காரி எப்படி வேலை செய்வான்னு கழிச்சிருவாங்களாம்."

தனுஜாவின் பை அவன் மடியில் இருந்தது. கலாராணி திறந்து பார்த்தாள். அடியில் கைக்குட்டையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, இழுப்புக்கு அடிக்கும் பம்ப். மூச்சு முட்டியபோதும், பார்ப்பவர்களுக்குப் பயந்து அவள் அதை வெளியே எடுக்கவில்லை.

நிலுக்ஷி உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கலாராணி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிடித்த கையை விடவில்லை.

"கொத்தமல்லித் தண்ணி யார் காய்ச்சினது?"

"அம்மா. சளி, தடிமன் வரக் கூடாதுன்னு."

"சீனி போட்டா?"

"நாங்க போட மாட்டோம் மேடம். சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டுக் குடிப்போம். இன்னைக்கு அந்தச் சீனியும் காப்பாத்தல. அப்படி ஒரு கசப்பு."

"தனுஜாவுக்கு இழுப்புன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா அவ பம்பை நானே என் பையில வச்சிருப்பேன்." அவள் ஏங்கி ஏங்கி அழுதாள். "மேடம், என்னைப் புடிச்சுக்கிட்டுப் போயிருவீங்களா?"

கலாராணியின் முதலுதவிப் பயிற்சியில் பழகிய விரல்கள் அந்த மணிக்கட்டில் இருந்தன. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பிறகு அந்தக் கையை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அற்புதமலர் வெளியே படிக்கட்டு முனையில் நின்றிருந்தாள்.

"உட்காருங்கம்மா."

"உட்கார்ந்தா இன்னும் அடிக்குது மேடம்." நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "எனக்குப் பெரியாஸ்பத்திரி கிளினிக் மாத்திரையிலதான் வண்டி ஓடுது. இன்னைக்கு வேலைக்கும் பேர் போடாம வந்தேன், இவ வெள்ளைக் கோட்டுப் போடப் போறான்னு. இப்படிக் கோர்ட்டைக் காட்டுறாங்களே."

கலாராணி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். வாங்கிய கையை ஆதரவாகப் பிடிப்பதுபோல் பிடித்தாள். விரலுக்கடியில் நாடி துள்ளித் துள்ளி ஓடியது.

"அவ ஒண்ணும் செய்யல மேடம். சத்தியமா அவ இல்ல."

"அப்ப யாரும்மா?"

அற்புதமலர் போத்தல் மூடியைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர் குடிக்கவில்லை.

மணி 12.45. மறுபடி டாக்டரின் அழைப்பு. "பேசுறா மேடம். முதல் கேள்வியே, 'என் இண்டர்வியூ முடிஞ்சிருச்சா'ன்னுதான். இன்னொரு விஷயமும் சொன்னா. கொத்தமல்லித் தண்ணி குடிச்சதும் நாக்கு மரத்துச்சாம்."

கலாராணி ஹஸீப் பக்கம் திரும்பினாள். "சேர், அந்த மாத்திரையைத் தண்ணியில கரைச்சா நாக்கு மரக்குமா?"

ஹஸீப் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "மரக்கும்! கசக்கவும் செய்யும். முழுசா விழுங்கினா தெரியாது. கரைச்சாத்தான்... அடடா, அந்தப் பிள்ளை என் முன்னாலேயே சொன்னாளே!"

"எல்லாரையும் உள்ளே கூப்பிடுங்க."

நான்கு பேரும் மாத்திரைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கலாராணி நின்றபடி பேசினாள்.

"விஷயம் சிக்கலே இல்ல. நாடிதான் ஆள் மாறிக் கிடக்கு. இழுப்பு வந்த தனுஜாவுக்கு நாடி ஓடியிருக்கணும், ஊர்ந்துச்சு. டீ இல்ல, அது வாய்க்கே போகல. வடை இல்ல, சுரேஸும் தின்னான். மிச்சம் பிளாஸ்க் தண்ணி. அதை இன்னொரு ஆளும் குடிச்சா. நிலுக்ஷி, கையை நீட்டும்மா."

நிலுக்ஷி நீட்டினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. தோள் குலுங்கியது. விரல்கள் மட்டும் அசையவில்லை.

"பொலிஸ் வந்து நிக்குது. நீதான் செஞ்சேன்னு கத்துறாங்க. இந்த வயசுப் புள்ளைக்குக் கை எப்படி ஆடணும்? ஆடல. நாடி, தூங்குற ஆளோட நாடி மாதிரி மெதுவா போகுது. இவ உள்ளேயும் அந்த மாத்திரை இருக்கு."

"தெரிஞ்சே குடிச்சிருக்கலாமே மேடம்," என்றார் ஹஸீப். "கை நடுங்காம இருக்க."

"பாமசியில வேலை செய்றவ சேர். அவளுக்கு வேணும்னா வாயில போட்டு ஒரு மடக்குத் தண்ணியில விழுங்கியிருப்பா. கரைச்சுக் குடிச்சு, நாக்கு மரத்து, உங்க முன்னால குழறிக்கிட்டு நிப்பாளா? அவளுக்கும் தெரியாமத்தான் குடுத்திருக்காங்க. தனுஜாவுக்கு இழுப்புன்னும் அவ வீட்டுக்கு வெளியில யாருக்கும் தெரியாது. கெடுக்க நினைச்சவங்க யாரும் இந்த மாத்திரையைத் தேடியிருக்க மாட்டாங்க."

கலாராணி மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்தாள்.

"மூணாவது நாடி ஒண்ணு இருக்கு. கிளினிக் மாத்திரை சாப்பிடுற ஆள். அமைதியா இருக்க வேண்டிய நாடி, ஆனா துள்ளி ஓடுது. ஏன்னா இன்னைக்கு அவங்க தன் மாத்திரையைப் போடல." கலாராணி குனிந்தாள். "அம்மா, சீனியே போடாத தண்ணியை எதுக்கு அந்தக் குலுக்குக் குலுக்கினீங்க?"

"அம்மா?" என்றாள் நிலுக்ஷி.

அற்புதமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தலைப்பை விலக்கினாள்.

"என்கிட்ட ரெண்டு மாத்திரைதான் இருந்துச்சு மேடம். ஒண்ணு காலைக்கு, ஒண்ணு ராவைக்கு. படபடப்பு வந்தா அதைப் போட்டதும் எனக்குக் கை நின்னுரும். எங்க தோட்டத்து லயத்துல ஒரு வீட்டு மாத்திரை நாலு வீட்டுக்குப் போகும். அவசரத்துக்குக் குடுப்போம், வாங்குவோம். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. பஸ் ஸ்டாண்டுல இவ கையைப் பார்த்தேன், கொழுந்து மாதிரி ஆடிச்சு. சொல்லிக் குடுத்தா வாங்க மாட்டா. மருந்துக் கடை வேலைக்குப் போன நாள்ல இருந்து எனக்கே சட்டம் பேசுறா. அதான் ரெண்டையும் பிளாஸ்க்குல போட்டுக் குலுக்கிட்டேன்."

"அடுத்தவங்க மாத்திரையைத் தொடக் கூடாதுன்னு எத்தனை தரம்மா சொன்னேன்!"

"சொன்ன. கேக்கல. அந்தப் புள்ளை விழுந்ததும் எனக்கு வாய் அடைச்சிருச்சு மேடம். சொன்னா இவ சீட்டுப் போயிருமோ, சொல்லாட்டி இவளையே புடிப்பாங்களோன்னு ரெண்டு பக்கமும் செத்துக்கிட்டு நின்னேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவளை விட்டுருங்க."

கலாராணி தொப்பியை மேசையில் வைத்தாள். "நடந்ததை நடந்த மாதிரி எழுதுவேன். கெட்ட எண்ணம் இல்லைன்னும் எழுதுவேன். மிச்சத்தைத் தனுஜா வீட்டுக்காரங்க சொல்லட்டும். நிலுக்ஷி பேர்ல ஒரு எழுத்தும் வராது."

ஹஸீப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெயரை இன்னைக்கு அனுப்ப மாட்டேன். மேலிடத்துல நானே பேசிக்கிறேன். அடுத்த கிழமை ரெண்டு பேரும் வரட்டும். நிலுக்ஷி, உன் கைக்குப் போட்ட புள்ளியை வெட்டுறேன், அது உன் கை இல்ல. பதிலுக்குப் போட்டது அப்படியே இருக்கும். நடுங்கினா நடுங்கட்டும் மகள், நாங்க எண்ணிக்கையைத்தான் பார்ப்போம். சுரேஸ், தங்கச்சிக்கிட்ட பம்பைக் கையில வச்சுக்கிட்டே வரச் சொல்லுங்க. இழுப்புன்னு யாரையும் நாங்க கழிக்கிறதில்ல."

சுரேஸ் தங்கையின் பையை மடியில் வைத்துக்கொண்டு அற்புதமலரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் வேறொன்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"இருக்கிறது ஒரு சீட்டுன்னு உங்களுக்கும் தெரியும்தானே," என்றான் கடைசியில். "உங்க மகளுக்கு மட்டும் குடுத்துட்டு, உங்களுக்கு ஒண்ணை வச்சிருக்கலாம். என் தங்கச்சிக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

அற்புதமலர் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கும் கை நடுங்குச்சே தம்பி. என் மகளுக்கு மட்டும் குடுத்தா அது களவு இல்லையா?"