வேர்க்கும் சமையலறை, விறைக்கும் படுக்கையறை

விருந்தாளியை வேர்க்க வைத்து அனுப்பினால்தான் மரியாதை என்று நினைப்பவர் ரோசியோவின் அப்பா அபெலார்தோ. பூமியின் தென்கோடியில் இருக்கும் கொய்யைக்கே ஊரில் ஜூலைதான் கடும் குளிர்காலம். பனி கொட்டும் அந்த மாதத்தில் அது லேசான வேலையா?

மாலை நான்கு மணியானால் பக்கத்து வீட்டு ஃபெர்மின் மாமா மாத்தே பானம் குடிக்க வருவார். அவருடைய காலடி கேட்டதுமே அப்பா இரும்பு அடுப்பில் நான்கு விறகுக் கட்டைகளைத் திணிப்பார். அடுப்பு உறுமும். சற்று நேரத்தில் மாமா ஸ்வெட்டரைக் கழற்றுவார்.

“இந்தத் தெருவுலேயே இப்படி ஒரு அடுப்பு கிடையாதுப்பா! உங்க பூனைக்குக்கூட வேர்க்குது!”

அப்பாவின் முகம் பூரித்துப்போகும். “புழுக்கமா இருக்குல்லண்ணே?” என்று ஜன்னலைத் திறந்துவிடுவார்.

எரிவது சாதாரண விறகல்ல. கோடை வெயிலில் அப்பா தாமே பிளந்து, காயவைத்து, கொட்டகையில் அடுக்கியது. ஒரு கட்டைகூடத் துருத்தாத அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் ரோசியோவுக்குப் பெருமையாக இருக்கும். செப்டம்பர்வரை வரவேண்டிய அந்த அடுக்கு இப்போதே பாதியாகிவிட்டது.

“தீந்துபோனா என்னம்மா பண்றது?”

“ஈர விறகுதான் கிடைக்கும்,” என்றாள் அம்மா. “போன வருஷம் மறந்துட்டியா?”

மறக்கவில்லை. ஈர விறகின் புகையில் தம்பி காஸ்பர் ஒரு மாதம் இருமினான்.

“அப்பாகிட்ட சொல்லேம்மா.”

“சொல்லாமலா இருப்பேன்? ‘வந்த மனுஷன் குளிர்ல உக்காரணுமா’ங்கறார்.”

ரோசியோ யோசித்தாள். சமையலறைச் சூடு வெளியேறக் கூடாது என்று படுக்கையறைக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருந்தார்கள். அதே சூட்டை அப்பா தினமும் ஜன்னல் வழியாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்! ஆனால் மாமாவின் முன்னால் இதைச் சொன்னால் அப்பாவின் முகம் வாடிவிடுமே?

மறுநாள் மாலை. மாமா ஸ்வெட்டரைக் கழற்றினார். அப்பாவின் கை ஜன்னலை நோக்கிப் போனது.

“மாமா, மாமா! காஸ்பர் ஒரு கோட்டை கட்டியிருக்கான். வந்து பாருங்களேன்!”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். படுக்கையறையில் நான்கு கம்பளிகளால் ஆன கோட்டை. உள்ளிருந்து ஒரு மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது.

மாமாவின் பற்கள் தந்தியடித்தன. வாயிலிருந்து வெண்புகை வந்தது. “அடேயப்பா! இது வீடா, பென்குயின் கூடா?”

“நான்தான் பென்குயின்!” என்றது கோட்டை.

பின்னாலேயே வந்த அப்பா குனிந்து காஸ்பரின் மூக்கைத் தொட்டார். பனிக்கட்டியாய் இருந்தது.

“அப்பா,” என்றாள் ரோசியோ மெதுவாக, “நம்ம அடுப்புச் சூடு ரொம்ப நல்ல சூடு. அதைத் தெருவுக்குக் குடுக்காம இவனுக்குக் குடுக்கலாமா?”

அப்பா படுக்கையறைக் கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தார். ரோசியோ ஒரு பழைய கால்சட்டைக் காலில் ஆட்டு ரோமத்தை அடைத்துத் தைத்து வைத்திருந்தாள். அதை வாசற்கதவின் அடியில் நீளமாகப் போட்டாள்.

“இதென்னடி பாம்பு?” என்று மாமா துள்ளினார்.

“வாட்ச்மேன், மாமா. குளிர்காத்தை உள்ள விடமாட்டார்!”

சிறிது நேரத்தில் கோட்டை தானாகவே இடிந்தது. காஸ்பர் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் ஓடி விளையாடினான். பழக்கதோஷத்தில் அப்பா இன்னொரு கட்டையை எடுத்தார்.

“வச்சிடுப்பா,” என்றார் மாமா. “இப்பத்தான் ஸ்வெட்டரைப் போட்டேன். என்னைத் திரும்பக் கழட்ட வைக்காதே. நெசத்தைச் சொல்லட்டுமா? இத்தனை வருஷமா உன் வீட்டுல வெந்துக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் சொகமா உக்காந்திருக்கேன்.”

அப்பா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு வீடு அதிரச் சிரித்தார். கட்டை கொட்டகைக்கே திரும்பியது.

“எம் பொண்ணு யோசனைண்ணே,” என்று அன்று அவர் நான்கு முறையாவது சொல்லியிருப்பார்.

செப்டம்பர் வந்தது. மாமா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். “என்னப்பா, இன்னும் மூணு வரிசை விறகு மிச்சம் இருக்கு? இந்த வருஷம் கூடுதலா வெட்டுனியா?”

“இல்லண்ணே,” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “இந்த மூணு வரிசையும் ரோசியோ வெட்டினது!”