நாற்பத்தெட்டுத் தபால்தலைகளும் ஒரு கட்டிங் மிஷினும்

எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக ஒரே வழக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. தபால்தலைகளை எப்படி அடுக்குவது? நாடு வாரியாகவா, படம் வாரியாகவா?

நாடு வாரியாக என்பது நான். எனக்குப் பதினொரு வயது. படம் வாரியாக என்பது என் தம்பி. அவனுக்கு எட்டு. வீட்டில் அவனுக்கு வாண்டு என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

தபால்தலைகள் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. முந்நூற்றுச் சொச்சம் இருக்கும். அம்மா வேலை செய்யும் அலுவலகத்துக்குப் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வரும். அந்த உறைகளின் மூலைகளை அம்மா கத்தரித்து எடுத்து வருவாள். நாங்கள் அவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தாளிலிருந்து தபால்தலையைப் பிரித்து, காயவைத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்போம். டப்பாவில் கிடந்தவரை எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை நூலகத்தால் வந்தது. வருகிற சனிக்கிழமை எங்கள் தெரு நூலகத்தில் பிள்ளைகளின் சேகரிப்புக் கண்காட்சி. வீட்டுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு ஆல்பம். எந்த முறையில் அடுக்கியிருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி வைக்க வேண்டும். டப்பாவோடு வந்தால் உள்ளே விட மாட்டேன் என்று நூலகக்கார அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரு நாட்டின் தபால்தலைகள் ஒரே இடத்தில் இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்பது என் கட்சி.

“கொக்குக்கு ஏதுக்கா நாடு? அது பாட்டுக்குப் பறந்து போகுது” என்பது வாண்டுவின் கட்சி.

நான் மெனக்கெட்டு மேசை மேல் நாடு நாடாகப் பிரித்து வைப்பேன். பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் எல்லா நாட்டு மீன்களும் ஒன்றாக நீந்திக்கொண்டிருக்கும். பிறகு கேட்கவா வேண்டும்? அம்மா இரண்டு பேர் காதையும் திருகிவிட்டுப் போவாள்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் பைண்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். காகிதத்தைத் தைத்து, ஒட்டி, ஓரம் வெட்டி நோட்டுப் புத்தகம் ஆக்குவது அவர் வேலை. சனிக்கிழமைகளில்தான் அங்கே சரக்கு ஏற்றுவார்கள் என்பதால் எங்கள் விழா எதற்கும் அவர் வந்ததே இல்லை. இந்தத் தடவை ஒரு மாதம் முன்பே மேஸ்திரியிடம் சொல்லி லீவு வாங்கியிருந்தார். தன் பிள்ளைகள் ஸ்டாம்பு வைக்கப்போகிறார்கள் என்று பட்டறை முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

புதன்கிழமை நான் பள்ளி விட்டு வந்தபோது டப்பாவைக் காணோம். வாண்டுதான் ஒளித்து வைத்தான் என்று நான் அவன் பையைக் கொட்டினேன். நான்தான் ஒளித்து வைத்தேன் என்று அவன் என் பையைக் கொட்டினான். இரண்டு பையும் காலியாகிக் கிடந்தபோது அப்பா ஒரு கையில் எங்கள் டப்பாவும் மறு கையில் ஒரு பொட்டலமுமாக உள்ளே வந்தார்.

பொட்டலத்துக்குள் ஒரு ஆல்பம். நீலக் காலிகோ துணி அட்டை, தோல் வைத்த முதுகு, மூலைகளில் சிவப்புத் துணி. கடையில் காசு கொடுத்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, திறந்து பார்க்கும்வரை.

“வழக்கு முடிஞ்சுபோச்சு. நாடும் வேணாம், படமும் வேணாம். அளவு வாரியா அடுக்கிட்டேன்” என்றார் அப்பா.

எங்கள் தபால்தலைகள் அத்தனையும் உள்ளே இருந்தன. முதலில் பெரியவை, பிறகு சின்னவை, எல்லாம் ஸ்கேல் வைத்து வரிசையாக. அத்தனையும் பசை போட்டு அழுத்தி ஒட்டியிருந்தன. தபால்தலையை யாரும் ஆல்பத்தில் அப்படி ஒட்ட மாட்டார்கள். ஒட்டிவிட்டால் எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

“ஓரமெல்லாம் பல்லு பல்லா ஒரே பிசிறா இருந்துச்சு. அப்படியே ஒட்டினா நம்ம தொழிலுக்குக் கேவலம் இல்லையா? பெரிய ஸ்டாம்பையெல்லாம் கட்டா அடுக்கி, மிஷின்ல வச்சு, நாலு பக்கமும் ஓரம் எடுத்துட்டேன். சின்னது மட்டும் மிஷின்ல நிக்கல. அதுக்காகக் கோவிச்சுக்காதீங்க.”

தபால்தலையின் ஓரத்தில் இருக்கும் பல் பிசிறு இல்லை. ஒரு பல் குறைந்தாலே சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பல்லே இல்லாவிட்டால் அவர்களுக்கு அது தபால்தலையே இல்லை. எங்கள் பெரிய தபால்தலைகள் நாற்பத்தெட்டும் வழவழவென்று, மழித்த மோவாய்போல இருந்தன.

வாண்டு வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். அப்பா எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை ஆவலாக அவர் எங்களைப் பார்த்து நான் கண்டதில்லை.

“பைண்டிங் ரொம்ப நல்லா இருக்குப்பா” என்றேன். அது பொய் இல்லை. பிறகு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கோபமும் வந்தது, அப்பாவை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் நானும் வாண்டும் ஒரு வார்த்தைகூடச் சண்டை போடவில்லை. அம்மா இரண்டு பேர் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தோம். பேசாமல் ஆல்பத்தைக் கண்காட்சியில் வைத்துவிடலாம் என்றான் வாண்டு. நூலகக்கார அம்மா லென்சு வைத்துப் பார்ப்பவர். யார் இந்த வேலை செய்தது என்று ஊர் முன்னால் கேட்பார். பக்கத்திலேயே அப்பா நிற்பார். கண்காட்சிக்கே போகாமல் இருந்துவிட்டால், லீவு வாங்கிய மனிதரிடம் என்ன காரணம் சொல்வது?

“வெளியில யாரோ சொல்லி அப்பாவுக்குத் தெரியறதுக்கு, நாமளே சொல்லிடலாம்” என்றேன்.

“நீயே சொல்லு. நீதானே பெரியவ” என்றான். எந்த வேலைக்கும் என்னைப் பெரியவள் என்று ஒப்புக்கொள்ளாதவன், இதற்கு மட்டும் ஒப்புக்கொண்டான்.

பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போனேன். உள்ளே ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பசை வாசனை, மிஷின் சத்தம், தரையெல்லாம் வெட்டிப்போட்ட காகித நறுக்கு. ஆல்பம் பிடித்திருந்ததா என்று மேஸ்திரி கேட்டார். பிடித்திருந்தது என்றேன். அத்தனை பேர் நடுவில் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அப்பா டீ குடிக்க வாசலுக்கு வரும்வரை காத்திருந்தேன்.

“அப்பா, ஸ்டாம்போட பல்லை வெட்டக் கூடாதுப்பா” என்றேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

“ஏன், பிசிறுதானே அது?”

“இல்லப்பா. அதுவும் ஸ்டாம்புதான். புத்தகத்துல எழுத்தோட சேர்த்து ஓரம் வெட்டின மாதிரி.”

அப்பாவின் கையில் டீ அப்படியே நின்றது. எழுத்தோடு ஓரம் வெட்டுவது என்றால் என்னவென்று பைண்டிங்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

“ஒட்டவும் கூடாதோ?”

“கூடாதுப்பா.”

“நேத்தே ஏன் சொல்லல?”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்க.”

அவர் மீதி டீயைக் கீழே ஊற்றினார். வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று ஆறு மணிக்கு வந்தவர், சனிக்கிழமை தான் வரப்போவதில்லை என்றும், மேஸ்திரியிடம் லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அம்மா ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் என் அப்பாவை எனக்குத் தெரியும். அவருக்குச் சமாதானம் சொன்னால் பிடிக்காது. வேலை கொடுத்தால் பிடிக்கும். காலியான பிஸ்கட் டப்பாவையும் ஆல்பத்தையும் எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன்.

“அப்பா, நாளைக்குள்ள எங்களுக்கு வேற பக்கம் வேணும். ஸ்டாம்பு ஒட்டக் கூடாது, கீழேயும் விழக் கூடாது. நான் நாடு வாரியா வச்சா, இவன் படம் வாரியா மாத்தணும். மாத்தினதை நான் திரும்ப மாத்தணும். முடியுமா?”

அப்பா திரும்பவில்லை. நானும் நகரவில்லை. கடைசியில், “தாள் மேல பட்டை மாதிரி ஒட்டினா?” என்றார், சுவரிடமே.

“என்ன பட்டை?” என்றான் வாண்டு.

“பட்டர் பேப்பர் பட்டை. கீழ் ஓரத்துல மட்டும் பசை. மேல திறந்திருக்கும். ஸ்டாம்பை மேலேர்ந்து செருகலாம், வேணும்னா உருவிக்கலாம்.”

சொல்லி முடிப்பதற்குள் காதிலிருந்த பென்சில் அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரு தாளில் படம் போட்டார். பட்டைக்கு மேல் தபால்தலை எவ்வளவு தெரிய வேண்டும் என்று என்னைக் கேட்டார். பாதிக்கு மேல் தெரிய வேண்டும் என்றேன். கொக்கின் தலை தெரிய வேண்டும் என்றான் வாண்டு. பக்கங்களைத் தைக்காமல் ஓட்டை போட்டு நாடாவில் கோத்தால், பக்கத்தைக்கூட இடம் மாற்றலாம் என்பது அம்மாவின் யோசனை.

ஒட்டிய தபால்தலைகளை எடுப்பதுதான் பெரிய பாடாக இருக்குமென்று பயந்தேன். அது வெறும் மைதாப் பசைதான், தண்ணீர் பட்டால் விட்டுவிடும் என்றார் அப்பா. அவர் பக்கங்களை வெட்டித் தர, நாங்கள் அகலப் பாத்திரத்தில் மிதக்கவிட்டோம். கால் மணி நேரத்தில் தபால்தலைகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்தன. வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவைத்து, மேலே அட்டையும் அகராதியும் ஏற்றினோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா பதினெட்டுப் பக்கம் செய்துகொண்டு வந்தார். செருகினால் நின்றது, உருவினால் வந்தது. எங்கள் வழக்கும் முடிந்தது. கண்காட்சியில் காலையில் நாடு வாரியாக, சாப்பாட்டுக்குப் பிறகு படம் வாரியாக. அட்டையின் ஒரு பக்கம் நான் எழுதினேன், மறுபக்கம் வாண்டு எழுதினான்.

ஓரம் வெட்டிய நாற்பத்தெட்டு மட்டும் மிச்சம். அதைக் குப்பையில் போடச் சொன்னார் அப்பா. நானும் வாண்டும் ஒரே நேரத்தில் மாட்டோம் என்றோம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசி அம்மா அன்றுதான் கேட்டாள். கடைசிப் பக்கங்களில் அவற்றைத் தனியாக வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். தன் பெயர் மட்டும் வர வேண்டாம் என்றார். அதனால் ‘ஓரம் வெட்டியவை: 48’ என்று மட்டும் ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்தேன்.

சனிக்கிழமை காலை அப்பா பட்டறைக்குப் போய்விட்டார். நூலகத்தில் ஆறு மேசைகள் இருந்தன. தீப்பெட்டிப் படம் வைத்தவன் மேசையில் நல்ல கூட்டம். எங்கள் மேசைக்கு நூலகக்கார அம்மா பதினொரு மணிக்கு லென்சோடு வந்தார். பட்டையை விரலால் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்றார். வீட்டில் செய்தது என்றோம். பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் நின்றுவிட்டார்.

“அடடா, நல்ல நல்ல ஸ்டாம்பாச்சே. யார் இப்படி வெட்டினது?”

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வாண்டுவைப் பார்த்தேன், வாண்டு தரையைப் பார்த்தான். பெயர் சொல்வதில்லை என்று நாங்கள் வாக்குக் கொடுத்திருந்தோம்.

“நான்தாங்க வெட்டினேன்.”

கதவருகில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் காகிதத் தூசி. மேஸ்திரியிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி வந்திருந்தார். அவர் மேசைக்கு வந்து, தான் பைண்டிங் வேலை செய்பவன் என்றும், பிசிறு என்று நினைத்து வெட்டிவிட்டதாகவும், தப்பு என்று மகள் சொல்லித்தான் தெரிந்தது என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னார். நடுவில் நிறுத்தாமல் சொல்லி முடித்தார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, பிடித்துக்கொண்டேன்.

நூலகக்கார அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பட்டைப் பக்கத்தை எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். தீப்பெட்டிப் பையன்தான் முதலில் ஓடி வந்தான்.

அப்பா பென்சிலை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டார். பென்சிலோடு ஒரு மடித்த தாளும் வந்தது. அதை என்னிடம் மட்டும் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு ரயில் தபால்தலை, இரண்டு துண்டாக.

“மொத மொதல்ல மிஷின்ல வச்சது இதுதான். குறுக்கால போயிடுச்சு. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு” என்றார் மெதுவாக.

நான் இரண்டு துண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் பட்டைக்குள் செருகினேன். பிறகு பேனாவை எடுத்து, 48-ஐ அடித்துவிட்டு 49 என்று எழுதினேன். அப்பாவைக் கேட்டுவிட்டு, முன்னால் ஒரு சொல் சேர்த்தேன். இப்போது அட்டையில் ‘அப்பா ஓரம் வெட்டியவை: 49’ என்று இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு வந்தவர், சாயங்காலம் நூலகத்தின் கதவைச் சாத்தும்வரை எங்கள் மேசையை விட்டு நகரவில்லை.