ஒரு பல் தள்ளி நின்ற கைப்பிடி

ஜாஸ்மின் அழுதுகொண்டு வருவாள் என்று எதிர்பார்த்துத் தபரேஸ் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் எடுத்து வைத்திருந்தான். அவள் அழவில்லை. பேயறைந்த முகத்தோடு காட்பாடி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தாள். துணைக்கு அவளுடைய அப்பா அந்தோணி வந்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு உசுர எடுத்துட்டாருன்னு உள்ள வெச்சிருக்காங்க மேடம்," என்றாள். "வால்வ மூடிட்டேன்னு அவரு தலையில அடிச்சிக்கிறாரு. யாரும் நம்பல. நீங்களும் நம்பலன்னா நான் எங்க போறது?"

செண்பகம் ஆலை விபத்துகளை ஆராய்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதித் தருபவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையை உதவியாளன் தபரேஸ் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தீர்த்துவிடுவான். இந்த விபத்தின் கோப்பு ஏற்கெனவே அவர் மேசையில் இருந்தது.

நடந்தது இதுதான். ஆம்பூரை அடுத்த ஒரு தோல் ஆலையில் சுண்ணாம்புக் கழிவும் அமிலக் கழிவும் ஒரே குழிக்கு வரும். ஆனால் ஒன்றாக வரக்கூடாது, வந்தால் விஷவாயு கிளம்பும். அதனால் அமிலக் குழாயின் வால்வை மூடிய பிறகே சுண்ணாம்புக் கழிவைத் திறப்பார்கள். அன்று ஜாஸ்மினின் கணவன் பிரேம்நாத் வால்வை மூடிவிட்டுக் குரல் கொடுத்தான். சுண்ணாம்புக் கழிவைத் திறந்தார்கள். குழியோரம் கழிவை வடிகட்டும் வலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நாட்றம்பள்ளி சூர்யா ஒரு சத்தம்கூடப் போடாமல் சரிந்தான். தூக்கும்போதே உயிர் இல்லை. பட்டப்பகலில், அத்தனை பேர் கண்முன்னால், பேசிக்கொண்டிருந்தவன் போய்விட்டான். ஆலையே இன்னும் அந்த அதிர்ச்சியில்தான் இருந்தது.

போலீஸ் எடுத்த போட்டோவில் வால்வின் கைப்பிடி, அதன் அடியிலிருக்கும் பல் வெட்டிய தகட்டில் கடைசிப் பல்லுக்கு ஒரு பல் முன்னாலேயே நின்றிருந்தது. முழுதாக மூடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி என்றார்கள்.

"நீ எங்கம்மா வேல செய்ற?" என்று கேட்டார் செண்பகம்.

"ஷூ கம்பெனில மேடம். சோல் கட்டிங்."

"நான் மாப்ள வேல செய்ற தோல் ஆலையிலயே ஃபிட்டருங்க," என்றார் அந்தோணி. "அது பட்டர்ஃப்ளை வால்வு மேடம். குழாக்குள்ள வட்டமா ஒரு தட்டு, அதுக்கு நடுவுல ஒரு தண்டு. கைப்பிடி குழாயோட வாட்டத்துல இருந்தா தொறந்திருக்கு. கால் சுத்து திருப்புனா தட்டு குறுக்க நின்னு அடச்சிக்கும். சுத்தி ரப்பர் இருக்கு, அது தட்டோட விளிம்ப இறுக்கிப் புடிச்சிக்கும்."

"நல்லா சொல்றீங்கண்ணா," என்றார் செண்பகம். அன்றே கிளம்பினார்கள்.

ஆலையில் மேனேஜர் நந்தகோபால் எரிச்சலோடு வரவேற்றார். "போட்டோ எடுத்ததும் அந்த இடத்தப் பூட்டிட்டோம் மேடம். குழாயக் கழுவிவிட நானும் அந்தோணியும் மட்டும்தான் உள்ள போனோம்."

செண்பகம் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அது கடைசிப் பல்வரை போய் நின்றது.

"பாத்தீங்களா? கொழந்தகூட மூடலாம்," என்றார் நந்தகோபால். "அவன் சோம்பேறித்தனமா விட்டுட்டான்."

செண்பகம் வால்வைக் கழற்றச் சொன்னார். அந்தோணி ஸ்பேனரை வைத்ததும் போல்ட்டுகள் முரண்டு பிடிக்காமல் வந்தன. வால்வோடு ஒட்டியிருந்த குழாயின் இரும்பு முகத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கறை தெரிந்தது.

"துரு மேடம்," என்றான் தபரேஸ்.

"துரு செவப்பா இல்ல இருக்கும்?"

தபரேஸ் அசருகிற ஆள் இல்லை. அவர் காதருகே வந்து, "மேனேஜர்தான் மேடம். மூஞ்சியப் பாருங்க," என்றான். மூஞ்சியை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பதென்றால் தபரேஸ்தான் முதலில் உள்ளே போகவேண்டியிருக்கும்.

மேனேஜர் அறையில் எல்லாரும் கூடினார்கள். ஜாஸ்மினையும் வரவழைத்திருந்தார் செண்பகம்.

"கைப்பிடி அதுக்கு மேல போக மாட்டேன்ற வரைக்கும் திருப்புனேன்னு பிரேம்நாத் போலீஸ்கிட்ட சொல்லியிருக்காரு. இன்னிக்கு அது கடைசி வரைக்கும் போகுது. அப்ப அன்னிக்கு உள்ள என்னமோ தடுத்திருக்கு, இன்னிக்கு அது இல்ல. யாரோ எடுத்துட்டாங்க."

"இன்னா தடுத்துச்சு?" என்றார் நந்தகோபால்.

"தோல். மரப்பட்டைச் சாறுல பதப்படுத்துன பட்டைத் தோல ஈரத்தோட வெச்சா இரும்பு கறுத்துப் போகும்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். வால்வுக்கும் குழாய்க்கும் நடுவுல யாரோ ஒரு தோல் வளையம் போட்டிருக்காங்க. மத்த வால்வா இருந்தா தப்பில்ல. இதுல தொறக்கும்போது தட்டோட விளிம்பு குழாக்குள்ள நீட்டிக்கிட்டு போகும். வளையத்தோட ஓட்டை கொஞ்சம் சின்னதா இருந்தாலும் தோலக் கிழிச்சிடும். மூடும்போது அந்தக் கிழிசல் தட்டுக்கும் ரப்பருக்கும் நடுவுல மாட்டிக்கும். கைப்பிடி ஒரு பல் தள்ளி நின்னுடும். அந்த இடுக்குல அமிலம் இறங்கியிருக்கு."

"எங்க கம்பெனில க்ரோம் உப்புல பதப்படுத்துற தோல் மட்டும்தான். பட்டைத் தோல் ஒரு துண்டுகூடக் கெடையாது."

"தெரியும் சார். அதனாலதான் ஜாஸ்மினைக் கூப்பிட்டேன். பட்டைத் தோல் இங்க எங்கம்மா கெடைக்கும்?"

"சோலுக்கு அதான் மேடம் வெட்டு..." ஜாஸ்மின் பாதியில் நின்றாள். மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"ப்பா, கொழா ஒழுகுதுன்னு ஒரு துண்டு கேட்டியே. நம்ம வூட்டுக் கொழான்னு நெனச்சேன்."

அந்தோணி தரையைப் பார்த்தபடி பேசினார்.

"வால்வு ஓரம் சொட்டிக்கிட்டே இருந்திச்சு. மாப்ள அது வழியாதான் நடப்பாரு, காலெல்லாம் வெந்து போச்சு. புது வால்வு கேட்டேன், அப்புறம் பாக்கலாம்னாங்க. பழைய வால்வுக்கெல்லாம் தோல் போட்டுதான் பழக்கம். மொத நாள் சாயங்காலம் போட்டேன். மறுநாளே அந்தப் புள்ள செத்துப்போச்சு."

நந்தகோபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குழாயக் கழுவறப்ப, சாரு போன் பேச வெளிய போனாரு, அப்ப கழட்டினேன். தோலு கிழிஞ்சு கையோட வந்துச்சு. அப்பவே புரிஞ்சிடுச்சு. சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். சூர்யா அம்மா கதர்றதப் பாத்ததும் பயம் புடிச்சிக்கிச்சு."

ஜாஸ்மின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த அப்பாவை அப்படிப் பார்க்க நேரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"என் பக்கத்துல உக்காந்து, மேடத்துக்கு வால்வு எப்படி வேல செய்யும்னு சொல்லிக் குடுத்தியே ப்பா."



"நான் அறிக்கை குடுத்தா போலீஸ் அவங்களா வருவாங்க," என்றார் செண்பகம். "அதுக்கு முன்னால அவரே சொன்னா நல்லது."

ஜாஸ்மின் தன் போனை எடுத்து இன்ஸ்பெக்டரின் எண்ணை அழுத்தினாள். அது ஒலிக்கத் தொடங்கியதும் அப்பாவின் கையில் வைத்து, அவர் விரல்களை அவளே மடக்கினாள்.

அந்தோணி போனைக் காதில் வைத்தார்.

"சார், நான் பிரேம்நாத்தோட மாமனார் பேசறேன்," என்றார். "அவரு வால்வ மூடிட்டாரு சார்."