ஏழாம் நம்பர் சிப்பி

பூமிக்குள் எட்டாயிரம் அடி ஆழத்துக்கு அன்றாடம் இறங்கி ஏறுகிற பர்னபாஸ், படகைச் சுற்றியிருந்த கடலைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“நைனா, இங்க தண்ணி இடுப்பளவுதான்,” என்றாள் மகள் வின்னி.

“இருக்கட்டும். கரை வந்ததும் சொல்லு.”

வின்னிக்குப் பத்து வயது. கோலார் தங்க வயலில், நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீடுகளிலிருந்து ஒன்பது பேர் அந்தமான் தீவுகளைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். சேர்த்து வைத்த லீவு, ஆளுக்கொரு முதுகுப்பை, கப்பலில் இருப்பதிலேயே மலிவான டிக்கெட். சாப்பாட்டுக்கு அவலும் வேர்க்கடலை உருண்டையும். படுக்கை, எந்தத் தீவில் பள்ளிக்கூட வராந்தா காலியாக இருக்கிறதோ அங்கே.

படகுக்காரர் ராஜேந்திரன் அவர்களைத் தீவு தீவாக அழைத்துப் போனார். ஆனால் இறங்கியதும் ஒன்பது பேரும் ஒன்பது பக்கம் போய்விடுவார்கள். முதல் தீவில் கிளாரன்ஸ் அண்ணனைத் தேடியே அரை நாள் போயிற்று.

அப்போதுதான் வின்னிக்கு அந்த யோசனை வந்தது. ஒன்பது சிப்பிகளைப் பொறுக்கி, ஆணியால் ஒன்று முதல் ஒன்பது வரை கீறினாள்.

“படகை விட்டு எறங்கும்போது அவங்கவங்க சிப்பிய இந்த டப்பாவுல போடணும். திரும்ப ஏறும்போது எடுத்துக்கணும்.”

“ஏம்மா, டோக்கன் தொல்லை வேணாம்னுதானே கடல் தாண்டி வந்தோம். இங்கியுமா?” என்றார் கிளாரன்ஸ் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள்.

சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை டோக்கன் உண்டு. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும் முன் அதைக் கொடுத்துவிட வேண்டும்; பலகையில் மாட்டிவிடுவார்கள். மேலே வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். ஒருமுறை நைனாவின் டோக்கன் இரண்டு மணி நேரம் தொங்கியது. அந்த இரண்டு மணி நேரமும் அம்மா உட்காரவே இல்லை. வின்னிக்கு அது மறக்கவில்லை.

சிரிக்காதவர் ஒருவர்தான், அப்பாதுரை மாமா. சுரங்கத்தில் கூரை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர். நான்கு நாள் கப்பலில் பத்து வார்த்தைகூடப் பேசியிருக்கமாட்டார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அலைகளையே பார்த்திருப்பார். அவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க வின்னிக்குப் பிடிக்கும். தனக்கு வந்த ஏழாம் நம்பர் சிப்பியை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது தீவை விட்டுக் கிளம்பியபோது டப்பாவில் ஒரு சிப்பி மிஞ்சியது.

“நிறுத்துங்க! ஓர் ஆள் குறையுது!” என்று வின்னி கத்தினாள். படகு திரும்பிக் கரை வரைக்கும் போய்விட்டது. பார்த்தால், கிளாரன்ஸ் அண்ணன் படகிலேயே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சிப்பியை எடுக்க மறந்துவிட்டாராம்.

“டோக்கன் ஆபீசரம்மா, நான் மேல வந்துட்டனா இல்லியா, நல்லா பாத்துச் சொல்லு!”

வழியெல்லாம் அதே கேலி. வின்னிக்கு முகம் சிவந்துவிட்டது.

மூன்றாவது தீவில் ஒரு குடிசைகூட இல்லை. தென்னையும் பாறையும் மட்டும்தான்.

“தண்ணி வத்துறதுக்குள்ள வந்துடுங்க,” என்றார் ராஜேந்திரன். “வத்திட்டா படகு பாறையில தட்டும். அப்புறம் நாளைக்குத்தான் வர முடியும்.”

சாயங்காலம் எல்லாரும் அவசர அவசரமாக ஏறினார்கள். ராஜேந்திரன் தலைகளை எண்ணினார். “ஒன்பது. சரி.” படகு புறப்பட்டது.

வின்னி டப்பாவைக் குலுக்கினாள். ‘கடக்’ என்றது.

ஏழாம் நம்பர்.

படகின் முன்பக்கம், தலையில் துண்டு போட்டபடி ஒருவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாமாதான். எடுக்க மறந்திருப்பார். மறுபடி கத்தினால் ஊர் போய்ச் சேரும் வரை கேலி ஓயாது. நாளைக்குக் கொடுத்தால் என்ன?

ஆனால் சிப்பி டப்பாவில் கிடக்கும் வரை அவளால் உட்கார முடியவில்லை. பைகளைத் தாண்டி முன்னால் போனாள்.

“மாமா, உங்க சிப்பி.”

அவர் திரும்பினார். பெரிய மீசை! வின்னி அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை.

“எனக்கு எதுக்கும்மா சிப்பி? நான் தேங்காய் பறிக்க வந்தவன். காலையில வந்த படகைக் காணோம், இதுல ஏறிக்கிட்டேன்.”

“நைனா!” வின்னி கத்தினாள். “ஏழாம் நம்பர் மேல வரல!”

பர்னபாஸ் சட்டென்று கண்ணைத் திறந்தார். கடலில் அவர் தானாகக் கண் திறந்தது அதுதான் முதல் தடவை.

“என்னுது பாக்கெட்டுல இருக்குது! இந்தத் தடவ நான் இல்லப்பா!” என்று பதறினார் கிளாரன்ஸ் அண்ணன்.

“படகைத் திருப்புங்க!” என்றார் பர்னபாஸ்.

“தண்ணி வத்துதுங்களே…”

“எங்க ஆளு ஒருத்தன் கீழ இருக்கான். திருப்புங்க!”

கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே படகின் அடி பாறையில் உரசியது. ராஜேந்திரன் மோட்டாரை நிறுத்தினார். அடுத்த நொடி ‘தொப்’ என்று ஒரு சத்தம். பர்னபாஸ் குதித்துவிட்டார்! இடுப்பளவு தண்ணீரில், “அப்பாதுரை! ஏ அப்பாதுரை!” என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்.

தீவின் மறுபக்கம், ஒரு பாறைமேல் உட்கார்ந்து நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பாதுரை மாமா. படகு போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

இருவரும் சொட்டச் சொட்ட வந்து ஏறினார்கள். கிளாரன்ஸ் அண்ணன் தன் போர்வையை எடுத்து மாமாவின் தோளில் போட்டார். அவர் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை.

மாமா நேராக வின்னியிடம் வந்து கையை நீட்டினார். அவள் சிப்பியை வைத்தாள்.

“ஏழு,” என்றார் மாமா. “மேல வந்துட்டேம்மா.”

ராஜேந்திரன் கழியால் உந்தித் தள்ள, படகு பாறையை விட்டு மெல்ல நழுவியது. வின்னி டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்தாள்.