மேட்டை வென்ற சின்னச் சக்கரம்

‘சுண்டெலி’ என்று எல்லோரும் செல்லமாக அழைக்கும் சிறுமியின் அம்மா கால்நடை மருத்துவர். மலையுச்சியில் உள்ள ஆடுகளுக்குத் தடுப்பூசி போட, மோட்டார் சைக்கிள் போன்ற நான்கு சக்கர மலைவண்டியில் புறப்பட்டார். பாதி மேட்டிலேயே வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது. மெல்லக் கீழே இறக்கி, தன் தம்பியின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

“பெட்டியில ஐஸ் உருகுதுடா. மருந்து சூடாயிட்டா அத்தனையும் வீண். பக்கத்து மலையில ஆட்டுக்கெல்லாம் நோய் வந்தாச்சு.”

சுண்டெலியின் மாமாவான அவர் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரர். மலைவண்டிதான் அவருக்குப் புதிது.

“வண்டி இன்னும் நல்லா ஏறட்டும்னுதானே அக்கா, எஞ்சின் பக்கம் பெரிய பல்சக்கரமா மாட்டினேன்? பெருசுன்னா பலம்தானே?”

“சமதரையில பறக்குது. மேட்டைப் பார்த்தா படுத்துக்குது!”

பட்டறையில் நின்றிருந்த சுண்டெலி தன் கியர் சைக்கிளைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ பொறி தட்டியது.

“மாமா, என் சைக்கிள்ல இந்த வாசல் மேட்டை ஏறுங்களேன்.”

“நேரங்காலம் தெரியாம விளையாடாத!”

“ஒரே தடவை மாமா, ப்ளீஸ்!”

மிதிக்கட்டையோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தில் சங்கிலியை மாற்றிக் கொடுத்தாள். மாமா நாலு மிதி மிதித்தார். முகம் தக்காளியாகச் சிவந்தது.

“இப்ப சின்னதுல!”

மாமாவின் கால்கள் கிறுகிறுவென்று சுற்றின. சைக்கிள் மெதுவாக, ஆனால் நிற்காமல் மேலேறியது.

“சைக்கிளுக்கு நம்ம கால்தான் எஞ்சின். வண்டிக்கும் சின்னதா மாட்டிப் பார்க்கலாமா மாமா?”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். “முதல்ல என் மூளைக்குத்தான் கியர் மாத்தணும்!”

வண்டியோடு வந்த சின்னப் பல்சக்கரம் எங்கே? மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருந்தது! மாமா அதைப் பொருத்தினார். சங்கிலி தொளதொளவென்று தொங்கியது.

“மாமா, அதைக் கவனிங்க!”

“கவனிச்சேன் மேஸ்திரி அம்மா!” என்றபடி, பின்சக்கர அச்சைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இறுக்கினார்.

அம்மா வண்டியைக் கிளப்பினார். சுண்டெலி தலைக்கவசம் அணிந்து, பின்னிருக்கையில் மருந்துப் பெட்டியை அணைத்தபடி அமர்ந்தாள். முன்பு நின்ற இடம் நெருங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி உறுமியது. நிற்கவில்லை! வளைவுக்குப் பின் வளைவாக ஏறி, உச்சியைத் தொட்டது. “ஏறிட்டோம்!” என்று அவள் கத்தியதில் ஆடுகள் மிரண்டு ஓடின.

அம்மா பெட்டியைத் திறந்தார். பனிக்கட்டிகள் கலகலவென்று உருண்டன. “மருந்து ஜில்லுன்னு இருக்குடி, என் தங்கமே!”

மாலையில் திரும்பும்போது, சின்னப் பல்சக்கரத்தால் வண்டி சமதரையில் மெதுவாகவே ஓடியது. மாமா சுண்டெலியின் சைக்கிளிலேயே வந்து அவர்களை முந்திச் சென்றார்.

“என்னக்கா, வண்டி நகரவே மாட்டேங்குது?”

“மேட்டுக்கு வாங்க மாமா, அங்க பேசிக்கலாம்!” என்றாள் சுண்டெலி.