உரியவர் நேரில் வரவேண்டும்

நஸீஹாவின் கைப்பேசி மூலையில் அந்தச் சின்னப் பச்சைக் கண் மறுபடி விழித்துக்கொண்டது. இந்தப் போன் இப்போது எங்கே இருக்கிறதென்று யாரோ பார்க்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். வருஷக்கணக்காக அப்படிப் பார்த்தவன் அவள் புருஷன் முன்ஜி. அவனைப் புதைத்து இரண்டு மாதமாகிறது.

ஸ்பாக்ஸ் நகரம் மதியத் தூக்கத்தில் கிடந்தது. தெற்கேயிருந்து வீசிய அனல் காற்று மூடிய ஜன்னல் கதவுகளை உலுக்கி, இடுக்கு வழியாகப் பொடி மணலைத் தரையில் தூவி, துறைமுகத்தின் மீன் கவிச்சியையும் கூடவே கொண்டுவந்து கொட்டியது. அந்தக் கவிச்சிக்கு நடுவே மெல்லிய மல்லிகை மணம். கோடை முழுக்க முன்ஜி காதில் மல்லிகைச் செண்டு செருகிக்கொள்வான். மீன் கடையில் அவள் கொஞ்சம் தாமதித்தால் போதும், தெருமுனையில் அந்தச் செண்டோடு சிரித்துக்கொண்டு நிற்பான்.

முன்ஜியின் போனிலிருந்து இப்போது பார்ப்பது அவன் தம்பி தாஹர்தான் என்றே அவள் நினைத்தாள். அண்ணன் போன் எங்கே என்று கேட்டால் மழுப்புகிற ஆள் அவன்.

எண்ணைத் தூக்கிப் போடவும் முடியாது. மகன் ஐமன் வசந்தத்தில் இத்தாலிக்குக் கள்ளப்படகு ஏறியவன், இன்னும் ஒரு வார்த்தை இல்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இந்த ஓர் எண்தான். வழக்கறிஞர் ரவ்தா சட்டத்தை முன்பே சொல்லிவிட்டாள்.

"ஒருத்தர் எங்க இருக்காங்கன்னு அவங்க சம்மதமில்லாம போன் கம்பெனி வெளிய சொல்லக்கூடாது, நஸீஹாக்கா. ஆனா உங்க லைனும் பையன் லைனும் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கே. சட்டத்துக்கு அவர்தான் உரியவர். நீங்க எங்க போறீங்கங்கறது அவரோட ரகசியமாம்!"

"இந்த ஊர்ல எந்தப் புருஷன் பொண்டாட்டி பேர்ல லைன் வாங்குனான்?" என்றாள் நஸீஹா.

இறப்புச் சான்றிதழைக் காட்டியும் கம்பெனி அசையவில்லை. லைனை அவள் பெயருக்கு மாற்ற வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், ஐமன் உட்பட. இல்லையென்றால் உரியவர் நேரில் வரவேண்டும். கவுண்ட்டர் பையன் தலை நிமிராமல் சொன்னான்.

அந்த எரிச்சலோடுதான் வெள்ளிக்கிழமை கல்லறைக்குப் போனாள். பறவைகளுக்காகக் கல்லில் குடைந்திருந்த குழியில் தண்ணீர் ஊற்றி, எல்லோரும் இறந்தவர்களிடம் பேசுவதுபோல அவளும் பேசினாள். கொஞ்சம் உரக்கவே.

"உரியவர் வரணுமாம். எழுந்து வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போ. என் பிள்ளையையும் தேடிக் குடு, அதான் ஊரெல்லாம் தேடிப் பாக்கத் தெரியுமே உனக்கு!"

இப்போது போன் அடித்தது. மதியத் தூக்க நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ரவ்தா.

"ஒரு வழி பொறந்துடுச்சுக்கா! உரியவர் காலையில வந்து போனாராம்னு கம்பெனில சொல்றாங்க. யாரைப் பிடிச்சு அனுப்புனீங்க?"

"நான் யாரையும் அனுப்பலையே. தாஹரா?"

"இருக்கும்னுதான் நானும் நெனச்சேன். ஆனா கைரேகை பொருந்திடுச்சாம்." ரவ்தாவின் குரல் தணிந்தது. "மேசையெல்லாம் மண்ணா இருந்துச்சாம். காதுல மல்லிகையாம்."

"லைனை என் பேருக்கு மாத்திட்டாரா?"

"இல்லக்கா. ரெண்டு நம்பரும் எங்க இருக்குன்னு கேட்டாராம். உரியவர் கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

இரண்டு நம்பர். ஐமனுடையதுமா? இத்தனை மாதமாக உயிரற்றுக் கிடந்த அந்த எண் எங்கே இருக்கிறதென்று சொன்னார்கள்? கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது.

பச்சைக் கண் இமைக்காமல் எரிந்தது.

கீழே தெருக்கதவு திறந்தது. படிகளில் காலடி. அவசரமில்லாத, பழகிய காலடி. அதன் பின்னே இன்னொன்று. ஈரத் துணி படியில் அடித்து அடித்து ஏறுவதுபோல.

தாஹர்தான். தாஹராகத்தான் இருக்கவேண்டும்.

மல்லிகை மணம் அறையை நிறைத்தது.

காலடி நின்றது. அவள் வாசல்.

கையிலிருந்த போன் மறுபடி அடித்தது. திரையில் ஐமன் பெயர்.

இந்தப் பெயருக்காகத்தான் இத்தனை நாளும் இந்தக் கண்ணைச் சகித்தாள். எடுக்காமல் எப்படி இருப்பாள்?

"ஐமன்? கண்ணு, எங்கடா இருக்கே?"

தண்ணீர் அலம்புகிற சத்தம். அதற்குள்ளிருந்து அவள் பிள்ளையின் குரல். போனிலும் கேட்டது, கதவுக்கு வெளியிலும் கேட்டது.

"கதவைத் தொறம்மா. ரொம்பக் குளுருது. அப்பா என்னையும் கண்டுபிடிச்சிட்டாரு."

கதவின் அடியிடுக்கு வழியே தண்ணீர் உள்ளே வந்தது. உப்பு நாறும் கடல் தண்ணீர், அதில் மிதந்தபடி ஒரு மல்லிகை மொட்டு. அது அவள் வெறுங்காலைத் தொட்டபோது, நஸீஹாவின் கை தாழ்ப்பாளை ஏற்கெனவே பாதி இழுத்திருந்தது.